நெகிழ்வுப் படப்பொருத்தம்: படம் பொருந்தினால் போதுமா?

கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டமிட எடுத்த சிடி ஸ்கேனும் நான்கு வாரம் கழித்து அதே நோயாளிக்கு எடுத்த சிடி ஸ்கேனும் ஒன்றுபோல இருக்காது. கட்டி சுருங்கியிருக்கும், உடல் மெலிந்திருக்கும், சிறுநீர்ப்பை வேறு அளவில் நிரம்பியிருக்கும், கழுத்து சற்றே வேறு கோணத்தில் வளைந்திருக்கும். முதல் படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் இரண்டாவது படத்தில் எங்கே போயிருக்கிறது என்று கணித்துச் சொல்வதுதான் நெகிழ்வுப் படப்பொருத்தம். துறையில் இதை டிஃபார்மபிள் இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷன், சுருக்கமாக டிஐஆர் என்பார்கள்.

படத்தை மொத்தமாக நகர்த்தியும் திருப்பியும் மட்டுமே பொருத்தும் ரிஜிட் முறையில் ஆறே எண்கள்தான்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. ஆறையும் கண்ணால் பார்த்தே ஓரளவு சரிபார்த்துவிடலாம். டிஐஆர் தருவதோ ஒவ்வொரு வாக்ஸலுக்கும், அதாவது முப்பரிமாணப் படத்தின் ஒவ்வொரு சிறுபெட்டிக்கும், அது எங்கே நகர்ந்தது என்று காட்டும் ஓர் அம்பு. 512 × 512 அளவில் 150 ஸ்லைஸ் கொண்ட ஸ்கேனில் கிட்டத்தட்ட 3.9 கோடி வாக்ஸல்கள் இருக்கும். ஒவ்வொரு அம்புக்கும் மூன்று எண் என்றால் ஏறக்குறைய 12 கோடி எண்கள். இந்த இடப்பெயர்ச்சிப் புலத்தில் எது சரி, எது தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையாள்பவர்கள் முதலில் செய்வது, பொருத்திய படத்தையும் இலக்குப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. இரண்டும் அச்சாகப் பொருந்தினால் மனம் நிறைந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அல்காரிதம் எதைக் குறைக்க முயன்றதோ அதையே நாமும் அளந்துவிட்டு ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்வதில் சோதனை ஒன்றும் இல்லை. அல்காரிதம் பார்க்காத ஒரு தகவல் கையில் இருந்தால்தான் அதைச் சோதிக்க முடியும். கீழே வரும் ஒவ்வொரு முறையையும் இந்த உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த வேலைக்கு என்பதே முதல் கேள்வி

டிஐஆர் ஒரே வேலைக்குப் பயன்படுவதில்லை. பழைய ஸ்கேனில் மருத்துவர் வரைந்த உறுப்பு எல்லைகளைப் புதிய ஸ்கேனுக்கு மாற்றலாம். எம்ஆர்ஐ, பெட் படங்களைத் திட்ட சிடி-யோடு இணைக்கலாம். ஒவ்வொரு நாளும் கொடுத்த டோஸை ஒரே படத்துக்குக் கொண்டுவந்து கூட்டலாம். முன்பு ஒருமுறை கதிர்வீச்சு பெற்றவருக்கு மறுபடி கொடுக்கும்போது பழைய டோஸ் எங்கே விழுந்தது என்று மதிப்பிடலாம்.

இவற்றில் எல்லைக்கோடு மாற்றுவதுதான் ஆபத்து குறைந்த வேலை. கோடு தப்பாக விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், மருத்துவர் திருத்திவிடுவார். அதற்கு உறுப்பின் ஓரம் சரியாக இருந்தால் போதும். உள்ளே இருக்கும் அம்புகள் எப்படிப் போனாலும் கோடு மாறாது. டோஸ் கூட்டுவது அப்படியல்ல. கல்லீரலின் நடுவில் உள்ள ஒவ்வொரு வாக்ஸலும் சரியான இடத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம் படத்தில் எதுவும் இருக்காது. நிறம் தீட்டிய அழகான டோஸ் வரைபடம் ஒன்று வந்துவிடும், அவ்வளவுதான். ஆகவே ‘இந்த மென்பொருள் துல்லியமானதா’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. ‘இந்த உறுப்பில், இந்த வகைப் படங்களுக்கு, இந்த வேலைக்குப் போதுமான துல்லியம் உள்ளதா’ என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

சாம்பல் நிறம் சொல்லாதது

வெள்ளையடித்த சுவரை ஒரு சிறு துளை வழியாகப் பார்க்கிறோம் என்று வையுங்கள். சுவர் இடமாக நகர்ந்ததா, வலமாக நகர்ந்ததா என்று சொல்ல முடியாது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத சிடி-யில் கல்லீரலின் உட்புறமும் புரோஸ்டேட்டின் உட்புறமும் சிறுநீர்ப்பையும் தசைகளும் இப்படித்தான் தெரியும். அங்கே அம்புகளை முடிவு செய்வது படம் அல்ல. ‘பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாகவே நகரும்’ என்று அல்காரிதத்துக்குள் எழுதிவைத்திருக்கும் மென்மை நிபந்தனைதான். 1998-இல் தீரியோன் வெளியிட்ட டீமன்ஸ் முறை அந்த மென்மைக்குக் காஸியன் வடிகட்டியைப் பயன்படுத்தியது. 1999-இல் ருக்கர்ட் குழுவினர் கொண்டுவந்த பி-ஸ்ப்லைன் முறையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு இடையிலான தூரமே மென்மையை நிர்ணயிக்கிறது. உடலியக்க மாதிரி வைத்த முறைகள் திசுவின் விறைப்பை வைத்து ஊகிக்கின்றன. மூன்றும் உறுப்பின் ஓரத்தில் ஒத்துப்போய், நடுவில் பல மில்லிமீட்டர் வேறுபடலாம். பொருத்திய படத்தைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை டோர்ஸ்டன் ரோல்ஃபிங் 2012-இல் அப்பட்டமாகக் காட்டினார். ‘முற்றிலும் பயனற்ற பொருத்தக் கருவி’ என்று தானே பெயர் வைத்து ஓர் அல்காரிதம் எழுதினார். அது செய்வது இவ்வளவே: இரண்டு மூளைப் படங்களிலும் உள்ள வாக்ஸல்களைப் பிரகாச வரிசையில் அடுக்கி, வரிசை எண் ஒத்துப்போகும் வாக்ஸல்களை ஜோடி சேர்த்துவிடும். இடத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. நெற்றிப் பக்கத்து வாக்ஸல் பிடரிக்குப் போகலாம். ஆனாலும் படங்களின் ஒற்றுமை அளவிலும், சாம்பல் திசு, வெள்ளைத் திசு என்று பெரும் பிரிவுகளின் மேற்பொருந்தல் அளவிலும் அது உண்மையான கருவிகளை மிஞ்சியது. இடம் குறிப்பான சிறிய உடற்கூறுகளின் மேற்பொருந்தல் மட்டுமே நல்ல பொருத்தத்தையும் மோசமான பொருத்தத்தையும் பிரித்துக் காட்டியது. டிஐஆர் மென்பொருள் வாங்கும்போது விற்பனையாளர் காட்டும் ‘முன், பின்’ படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

டைஸ் எண்ணின் தந்திரம்

மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் அளவு டைஸ் குறியீடு. மாற்றிய எல்லைக்கோட்டையும் மருத்துவர் புதிதாக வரைந்த கோட்டையும் ஒப்பிட்டு, பொதுவான கன அளவை இரு மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடவே இல்லை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏஏபிஎம் 2017-இல் வெளியிட்ட டிஜி-132 அறிக்கை 0.80 முதல் 0.90 வரையிலான வரம்பைச் சொல்கிறது. அதையும் கோடு வரைவதில் உள்ள இயல்பான தடுமாற்றத்தோடு சேர்த்தே பார்க்கச் சொல்கிறது.

பலர் அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு 0.85 வந்ததும் முத்திரை குத்திவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 மி.மீ ஆரமுள்ள ஒரு கோளம், சிறுநீர்ப்பை அளவு. அதை 3 மி.மீ தள்ளி வைத்தால் டைஸ் 0.94. அதே 3 மி.மீ பிழை 5 மி.மீ ஆரமுள்ள கோளத்துக்கு வந்தால் டைஸ் 0.56. பிழை ஒன்றே, ஒன்று முதல் வகுப்பில் தேறுகிறது, மற்றொன்று படுதோல்வி. பெரிய உறுப்பில் டைஸ் ஏமாற்றும், சிறிய உறுப்பில் பயமுறுத்தும். அதனால் மேற்பரப்புகளுக்கு இடையிலான சராசரித் தூரத்தையும், 95 சதவிகித ஹவுஸ்டார்ஃப் தூரத்தையும் (மேற்பரப்புப் புள்ளிகளில் 95 சதவிகிதம் எந்த விலகலுக்குள் அடங்குகின்றனவோ அந்தத் தூரம்) மில்லிமீட்டரில் சேர்த்தே எழுத வேண்டும். சராசரித் தூரத்துக்கு டிஜி-132 தரும் எல்லை, கோடு வரைவதில் உள்ள தடுமாற்றம் அல்லது வாக்ஸலின் நீளமான பக்கம், அதாவது சுமார் 2 முதல் 3 மி.மீ.

மில்லிமீட்டரில் சொன்னாலும் எல்லைக்கோடு எல்லாவற்றையும் காட்டாது. குழாய் வடிவ உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்குழாயோ தண்டுவடமோ தன் நீளத்தின் வழியே 10 மி.மீ வழுக்கியிருந்தாலும், குறுக்குவெட்டு மாறாததால் டைஸ் அசையாது, மேற்பரப்புத் தூரமும் அசையாது. டோஸ் மட்டும் ஒரு முள்ளெலும்பின் பாதி உயரம் தள்ளிப்போய் விழும்.

இன்னொன்று, சில மென்பொருள்கள் எல்லைக்கோட்டையும் உள்ளீடாக வாங்கிக்கொண்டு பொருத்தும். அப்போது அதே உறுப்பின் டைஸ் 0.97 வருவதில் வியப்பில்லை. விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தாயிற்று. அப்படிப்பட்ட ஓட்டங்களில் உள்ளீடாகக் கொடுக்காத உறுப்புகளை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

அடையாளப் புள்ளிகள்: வேலை அதிகம், விளைச்சலும் அதிகம்

இரண்டு படங்களிலும் சந்தேகமில்லாமல் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை மனிதர் குறித்து, டிஐஆர் அந்தப் புள்ளியை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று தூரம் அளப்பது நம்பகமான முறை. இந்தத் தூரத்தை இலக்குப் பொருத்தப் பிழை, சுருக்கமாக டிஆர்இ என்பார்கள். நுரையீரலில் இரத்தக் குழாய்களும் காற்றுக்குழாய்களும் பிரியும் கவடுகள், கல்லீரலில் போர்ட்டல் சிரையின் கிளைகள், சுண்ணாம்புப் படிவுகள், அறுவை சிகிச்சை கிளிப்கள் ஆகியவை வழக்கமான தேர்வு.

இந்த முறைக்கு வலு சேர்த்தது டிஐஆர்-லேப் தொகுப்பு. ரிச்சர்ட் கஸ்டியோவும் உடன் ஆய்வாளர்களும் 2009 முதல் வெளியிட்ட இத்தொகுப்பில், மூச்சை உள்ளிழுத்த நிலையும் வெளிவிட்ட நிலையும் கொண்ட பத்து 4டி சிடி ஜோடிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 300 புள்ளிகள். பொருத்துவதற்கு முன் புள்ளிகளின் சராசரி விலகல் சுலபமான ஜோடியில் சுமார் 4 மி.மீ, கடினமானதில் சுமார் 15 மி.மீ. இன்று நல்ல அல்காரிதங்கள் இதைச் சராசரியாக 1 மி.மீ அருகே கொண்டுவருகின்றன. பின்னர் சேர்ந்த சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) தொகுப்பு இன்னும் கடினம்: பத்து ஜோடிகளின் தொடக்க விலகல் சராசரி 20 மி.மீ-க்கும் மேல். இத்தொகுப்புகள் இணையத்தில் திறந்தே கிடப்பதால் புதிதாக மென்பொருள் வாங்கும் எந்த மருத்துவமனையும் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் இதே ஜோடிகளை வைத்துத்தான் தங்கள் அல்காரிதத்தைத் தீட்டியிருக்கிறார்கள். இதில் நல்ல எண் வருவது தகுதித் தேர்வு மட்டுமே. உங்கள் ஸ்கேனரின் படங்களில் அதே எண் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சொந்தமாகப் புள்ளி குறிக்கும்போது தவறுவது பெரும்பாலும் நடைமுறையில்தான். புள்ளிகளைக் குறிப்பவர் டிஐஆர் முடிவைப் பார்த்திருக்கக் கூடாது. சில மென்பொருள்கள் முதல் படத்தில் ஒரு புள்ளியைச் சொடுக்கியதும், இரண்டாவது படத்தில் பொருத்தம் சொல்லும் இடத்துக்கே கர்சரைக் கொண்டுபோய் வைக்கும். வசதியாக இருக்கும், ஆனால் குறிப்பவர் அதை அரை மில்லிமீட்டர் இழுத்துவிட்டு ‘சரி’ என்பார். பிழை செயற்கையாகக் குறைந்துவிடும். இந்த வசதியை அணைத்துவிட வேண்டும், அல்லது ரிஜிட் பொருத்தம் மட்டும் செய்த படங்களில் குறிக்க வேண்டும். ஒருவர் குறித்ததை இன்னொருவர் தனியாகக் குறித்து, இருவரின் வேறுபாட்டையும் எழுதி வைக்க வேண்டும். தெளிவான நுரையீரல் புள்ளிகளில் இந்த வேறுபாடு 1 மி.மீ அளவில் இருக்கும். அதைவிடச் சிறிய பிழையை இந்த முறையால் அளக்கவே முடியாது.

ஸ்லைஸ் தடிமனும் பிழைக்கு ஒரு கீழ் எல்லை போடுகிறது. 3 மி.மீ ஸ்லைஸில் புள்ளியை ஏதாவது ஒரு ஸ்லைஸின் மையத்தில்தான் வைக்க முடியும் என்றால், அதனால் மட்டும் வரும் திட்ட விலக்கம் 3-ஐ √12-ஆல் வகுத்தால் வரும் 0.87 மி.மீ. இரண்டு படங்களுக்கும் சேர்த்து 1.2 மி.மீ. இப்படிப்பட்ட ஸ்கேனை வைத்துக்கொண்டு ‘எங்கள் டிஆர்இ 0.6 மி.மீ’ என்று யாராவது சொன்னால், எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். டிஜி-132 டிஆர்இ-க்கு வைத்த எல்லையும் வாக்ஸலின் நீளமான பக்கம்தான், சுமார் 2 முதல் 3 மி.மீ.

எத்தனை புள்ளி வேண்டும்? பிழைகளின் திட்ட விலக்கம் 2 மி.மீ என்று எடுத்துக்கொண்டு, சராசரியை ±0.5 மி.மீ-க்குள் 95 சதவிகித நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் (1.96 × 2 ÷ 0.5)² கணக்குப்படி 62 புள்ளி தேவை. ஐந்தாறு புள்ளியை வைத்துச் சராசரி சொல்வது அரைகுறை வேலை. ஆனால் ஐந்து புள்ளியும் கட்டியைச் சுற்றி இருந்தால், அந்த நோயாளியின் அந்த இடத்தில் பெரிய தவறு உண்டா என்று பிடிக்க அவை உதவும். இரண்டும் வேறு வேறு நோக்கம்.

புள்ளி முறையிலும் நமது உரைகல் ஒரு கீறலைக் காட்டும். மனிதக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதே அல்காரிதத்துக்கும் தெளிவாகத் தெரியும். குழாய்க் கவட்டில் இருக்கும் 1 மி.மீ பிழை, இரண்டு அங்குலம் தள்ளியுள்ள வெற்றுத் திசுவிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் புரோஸ்டேட்டில் பதித்த தங்க மணிகளை வைத்துச் சோதிப்பவர்கள், பொருத்தத்தை ஓட்டுவதற்கு முன் அந்த மணிகளையும் அவற்றின் கீற்று நிழல்களையும் படத்திலிருந்து அழித்து, சுற்றியுள்ள திசுவின் மதிப்பையும் இரைச்சலையும் கொண்டு நிரப்புகிறார்கள். அழிக்காவிட்டால், 3000 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடி படத்தின் பிரகாச அலகு) மேல் பிரகாசிக்கும் மணியை அல்காரிதம் இறுகப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு அருகில் பிழை பூஜ்யம், 10 மி.மீ தள்ளி என்ன என்பது யாருக்கும் தெரியாது.

விடை தெரிந்த படங்கள்

வெற்றுத் திசுவில் பிழையை அறிய ஒரே வழி, விடையை நாமே உருவாக்குவது. ஒரு நோயாளியின் சிடி-யை எடுத்து, நாமே வடிவமைத்த இடப்பெயர்ச்சிப் புலத்தால் வளைத்து, இரண்டாவது படத்தை உண்டாக்கலாம். பிறகு டிஐஆர்-ஐ ஓட்டி, அது தரும் அம்புகளை நம் அம்புகளோடு வாக்ஸல் வாக்ஸலாகக் கழிக்கலாம். டிஜி-132 இதற்கென்றே டிஜிட்டல் ஃபேன்டம் (உடலுக்குப் பதிலான சோதனை மாதிரி) படங்களை வெளியிட்டது. நெகிழ்வுச் சோதனைக்கு அது வைக்கும் வரம்பு: 95 சதவிகித வாக்ஸல்களில் பிழை 2 மி.மீ-க்குள், எந்த இடத்திலும் 5 மி.மீ-க்குக் கீழ்.

இந்தச் சோதனையைச் சொந்தமாகச் செய்பவர்கள் விழும் குழிகள் சில. முதலாவது, பி-ஸ்ப்லைன் கொண்டு வளைத்த படத்தை பி-ஸ்ப்லைன் அல்காரிதத்துக்கே கொடுப்பது. பூட்டும் சாவியும் ஒரே பட்டறையில் செய்தால் திறக்கத்தான் செய்யும். வளைக்கும் முறை வேறு குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது, இரைச்சல். ஒரே படத்தை வளைத்து இரண்டாவதை உருவாக்கினால், முதல் படத்தின் இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்தே வளைந்து வரும். வெற்றுத் திசுவில் அல்காரிதம் அந்த இரைச்சலையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டு அபாரமாகப் பொருத்திவிடும். உண்மையான இரண்டு ஸ்கேன்களில் இரைச்சல் தொடர்பற்றது. ஆகவே மூலப் படத்தின் இரைச்சலைக் குறைத்துவிட்டு, இரண்டு படங்களுக்கும் தனித்தனியே புது இரைச்சல் சேர்க்க வேண்டும். மூன்றாவது, உடலுக்கு வெளியே உள்ள காற்று. படத்தின் 60 சதவிகித வாக்ஸல்கள் காற்றாக இருந்து, அங்கே பிழை பூஜ்யம் என்றால், உடலுக்குள் சராசரி 2.5 மி.மீ ஆக இருக்கும் பிழை மொத்தக் கணக்கில் 1.0 மி.மீ என்று வரும். உடல் எல்லைக்குள் மட்டும், உறுப்பு வாரியாக, சராசரியோடு 95 சதவிகித மதிப்பையும் உச்சத்தையும் எழுத வேண்டும்.

நான்காவது கணிப்பொறி சார்ந்தது. அதிகம் நேரம் தின்பதும் இதுதான். பெரும்பாலான மென்பொருளில் அம்புகள் நிலைப் படத்தின் (இலக்குப் படம்) கட்டத்தில் தொடங்கி நகரும் படத்தை (வளைத்துப் பொருத்தும் படம்) சுட்டும். ‘இந்த இடத்துக்கான மதிப்பை அங்கிருந்து எடுத்து வா’ என்பதே அதன் பொருள். திசு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று நாம் நினைக்கிறோமோ அதற்கு நேர் எதிர்த் திசை. அலகு மில்லிமீட்டரா வாக்ஸலா என்பதும் மாறும். மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்புத் தரமான டைகாமில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடப்பக்கம், ஒய் அச்சு முதுகுப் பக்கம். 3டி ஸ்லைசர் மென்பொருள் உள்ளுக்குள் வலப்பக்கம், முன்பக்கம் என்று வைத்திருக்கிறது. குறி மாறினால் 6 மி.மீ இடப்பெயர்ச்சிக்கு 12 மி.மீ பிழை காட்டும். டைகாமின் நெகிழ்வுப் பொருத்தக் கோப்பில் அம்புக் கட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அணி (மேட்ரிக்ஸ்) இருக்கலாம். ரிஜிட் நகர்வு பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கும். அதைப் படிக்காமல் விட்டால் முழு உடலும் ஒரே அளவு தள்ளிப்போன பிழை வரும். பிழை வரைபடம் எங்கும் ஒரே நிறமாக இருந்தால் அல்காரிதத்தைத் திட்டுவதற்கு முன் இந்த அணியைத் தேடுங்கள்.

உண்மையான ஃபேன்டம்களும் உண்டு: அமுக்கக்கூடிய பஞ்சு நுரையீரல், நீர் நிரப்பும் சிறுநீர்ப்பை. ரோஜானோ கஷானி குழுவினர் 2008-இல் நெகிழும் மார்பு ஃபேன்டம் ஒன்றில் சிறு பிளாஸ்டிக் குறிகளை வைத்து ஸ்கேன் செய்து, குறிகளைப் படத்திலிருந்து அழித்துவிட்டுப் பல நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். அழித்ததால்தான் அது நேர்மையான சோதனை. டோஸையே நேரடியாகச் சோதிக்க நெகிழும் ஜெல் உதவுகிறது: ஆஸ்திரேலியாவில் உருவாகி 2012-இல் வெளியான டெஃப்ஜெல் முறையில், ஜெல்லை அமுக்கிய நிலையில் கதிர்வீச்சு கொடுத்து, விடுவித்த பின் அதில் பதிந்த டோஸை அளந்து, கணிப்பொறி வளைத்த டோஸோடு ஒப்பிடலாம். ஃபேன்டம்களின் பலவீனம் ஒன்றே: மனித உடலைவிட எளிமையானவை. ஃபேன்டத்தில் தோற்ற மென்பொருளை ஒதுக்கலாம். தேறியது என்பதற்காக நம்பிவிட முடியாது.

அம்புகளையே கேள்வி கேட்பது

விடை தெரியாத உண்மை நோயாளியிலும் அம்புகள் உடலுக்கு ஒவ்வாததைச் சொல்கின்றனவா என்று பார்க்கலாம். ஜேக்கோபியன் அணிக்கோவை இதற்குச் சிறந்த கருவி. ஒவ்வொரு வாக்ஸலிலும் அந்தச் சின்னக் கன அளவு எத்தனை மடங்காக மாறியது என்பதே அந்த எண். 1 என்றால் மாற்றமில்லை, 0.8 என்றால் 20 சதவிகிதம் சுருக்கம், பூஜ்யத்துக்குக் கீழே போனால் திசு தன்மேல் தானே மடிந்துவிட்டது என்று பொருள். உடலில் அது நடக்காது. டிஜி-132 எதிர்மறை மதிப்பே இருக்கக் கூடாது என்கிறது. சொந்தமாக நிரல் எழுதிக் கணக்கிடுபவர்கள் இடப்பெயர்ச்சியின் சரிவு அணியோடு அலகு அணியைக் கூட்ட மறந்தால் எல்லா மதிப்பும் பூஜ்யத்தைச் சுற்றி வரும்.

பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியை வைத்துப் பார்ப்போம். தலை, கழுத்துச் சிகிச்சையில் அது கால் பங்குக்கும் மேல் சுருங்குவது சகஜம். எல்லைக்கோட்டுக் கன அளவு 30 சிசி-யிலிருந்து 22 சிசி-க்கு இறங்கினால், முதல் படத்திலிருந்து இரண்டாவதற்குப் போகும் திசையில் அளந்த சராசரி ஜேக்கோபியன் 0.73 அருகே இருக்க வேண்டும். இருந்தால் ஒரு தடை தாண்டியாயிற்று. அடுத்து வரைபடத்தைத் திறங்கள். சுரப்பி முழுதும் 0.65 முதல் 0.8 வரை பரவியிருந்தால் நம்பலாம். நடுவில் எல்லாம் 1.0, ஓரத்தில் மட்டும் 2 மி.மீ வளையத்தில் 0.1 என்று இருந்தால், அல்காரிதம் எல்லையை மட்டும் உள்ளே இழுத்து உட்புறத்தை அசையாமல் விட்டிருக்கிறது. டைஸ் இரண்டுக்கும் ஒன்றே. டோஸைக் கூட்டும்போது இரண்டும் வேறு.

எலும்பு இன்னும் எளிய சாட்சி. நான்கு வாரத்தில் முள்ளெலும்பு விரிவதில்லை, சுருங்குவதில்லை. அங்கே ஜேக்கோபியன் 1-ஐ விட்டு நன்றாக விலகினால் அருகிலுள்ள மென்திசுவின் இழுப்பு எலும்பையும் இழுத்துவிட்டது என்று அறியலாம்.

முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது இன்னொரு சோதனை. முதல் படத்திலிருந்து இரண்டாவதற்குப் போய் அங்கிருந்து திரும்பி வந்தால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும்; 2 முதல் 3 மி.மீ-க்கு மேல் விலகக் கூடாது. விலகினால் தவறு நிச்சயம். விலகாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை: எதையும் நகர்த்தாமல் சும்மா இருக்கும் அல்காரிதம் இதில் நூற்றுக்கு நூறு வாங்கும். இரண்டு வேறு வகை அல்காரிதங்களை ஓட்டி ஒப்பிடுவதும் இப்படித்தான். அவை முரண்படும் இடம் சந்தேகத்துக்குரியது, ஒத்துப்போகும் இடம் சரியானது என்று ஆகிவிடாது.

வழக்கமாக உடையும் இடங்கள்

மூச்சு விடும்போது நுரையீரல் விலா எலும்புக்கூட்டின் உட்புறத்தில் வழுக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் 15 மி.மீ நகர்வு, மறுபக்கம் ஏறக்குறைய பூஜ்யம். மென்மை நிபந்தனை இந்த உடைப்பை அனுமதிக்காது. விலா எலும்பு வளையும், அல்லது ஓர நுரையீரல் போதாமல் நகரும். மார்புச் சுவரை ஒட்டிய கட்டிகளில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மலக்குடல் வாயு ஒரு படத்தில் இருக்கும், மற்றதில் இருக்காது. இல்லாத ஒன்றுக்கு ஜோடி தேடும் அல்காரிதம் வாயுக் குமிழை ஒரு புள்ளியாக நசுக்கும். ஜேக்கோபியன் பூஜ்யத்தை நெருங்கும், பக்கத்தில் உள்ள புரோஸ்டேட்டின் பின்சுவரும் சேர்ந்து இழுபடும். ஓட்டுவதற்கு முன் வாயுவைத் திசு மதிப்பால் நிரப்பிவிடுவது பழைய, பயனுள்ள வழி.

சிகிச்சை அறையில் எடுக்கும் கோன்-பீம் சிடி-யில் சிதறல் கதிர்களால் ஒரே திசு வேறு வேறு ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்பு காட்டும், ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். பிரகாசம் சமம் என்ற அனுமானத்தில் ஓடும் டீமன்ஸ் போன்றவை நிழலையும் நகர்வாக எடுத்துக்கொள்ளும். சிடி-க்கும் சிடி-க்கும் இடையில் தேறிய மென்பொருளை கோன்-பீம் சிடி-க்குத் தனியே சோதிக்க வேண்டியது இதனால்தான்.

கட்டி சுருங்குவதில் சிக்கல் வேறு வகை. செத்துக் கரைந்த திசுவுக்கு இரண்டாவது படத்தில் இடமே இல்லை. அந்தத் திசு வாங்கிய டோஸை எங்கே கொண்டுபோய் வைப்பது? எந்த அம்பும் சரியான விடையாகாது. இங்கே கட்டிக்கு உள்ளே கூட்டிய டோஸை நான் நம்பமாட்டேன். சுற்றியுள்ள இயல்பான உறுப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துவது உத்தமம்.

மில்லிமீட்டரை கிரேயாக மாற்றுவது

3 மி.மீ பிழை பெரிதா சிறிதா என்று டோஸின் சரிவுதான் தீர்மானிக்கும். கட்டியின் நடுவே டோஸ் சமதளமாக இருக்கும் இடத்தில் 5 மி.மீ பிழையும் கணக்கை அசைக்காது. தண்டுவடத்தின் ஓரத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிரே (டோஸின் அலகு) இறங்கும் சரிவில் 3 மி.மீ பிழை என்றால் 6 கிரே. கூட்டிய டோஸ் 44 கிரே என்று திரையில் நிற்கும். உண்மை 50 ஆக இருக்கலாம். அதிலும் சரிவின் திசையில் உள்ள பிழைக்கூறு மட்டுமே டோஸை மாற்றும். சம டோஸ் கோட்டின் வழியே வழுக்கிய பிழை மாற்றாது. எனவே டிஆர்இ வரைபடத்தையும் டோஸ் சரிவு வரைபடத்தையும் பெருக்கி, வாக்ஸல் வாரியாக டோஸ் தடுமாற்றம் எவ்வளவு என்று காட்டுவது பொது எல்லை ஒன்றை வைத்துக்கொண்டு மல்லாடுவதைவிட மேல். பரோட்டிட்டின் சராசரி டோஸ் போன்ற அளவுகளில் உள்ளும் புறமுமான பிழைகள் ஓரளவு ஈடாகிவிடும். தண்டுவடத்தின் உச்ச டோஸ் போன்றவற்றில் ஒரே ஒரு தவறான வாக்ஸலே முடிவை மாற்றும்.

நாள்தோறும் நடக்கும் சோதனை

300 புள்ளி குறிப்பதெல்லாம் மென்பொருளை ஏற்கும்போது செய்யும் வேலை. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் செய்ய வேண்டியவை: சதுரங்கக் கட்ட முறையில் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது, வளைந்த கட்டத்தை மேலே விரித்துக் கூர்மையான முறிவு உண்டா என்று தேடுவது, எலும்பில் ஜேக்கோபியனைப் பார்ப்பது, முடிவு எடுக்கப்போகும் இடத்தைச் சுற்றி நான்கைந்து புள்ளிகளைச் சரிபார்ப்பது. பிறகு ஒரு மதிப்பீடு எழுத வேண்டும். டிஜி-132 இதற்கு 0 முதல் 4 வரை படிநிலை தருகிறது: 0 என்றால் முழு ஸ்கேனும் பொருந்துகிறது, 1 என்றால் தேவையான பகுதி மட்டும் பொருந்துகிறது, 2 என்றால் உருச்சிதைவு அபாயத்தோடு பயன்படுத்தலாம், 3 என்றால் நோயறிதலுக்கு மட்டும், 4 என்றால் ஏற்கத் தக்கதல்ல. யார் கேட்டார்கள், எதற்காக, எந்தப் படத்தை எந்தப் படத்தோடு, எந்தப் பகுதியைக் கவனித்துப் பொருத்தியது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். எல்லைக்கோடு மாற்றுவதற்கென்று ஒப்புதல் பெற்ற பொருத்தத்தை ஆறு மாதம் கழித்து வேறொருவர் டோஸ் கூட்ட எடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்க அந்தத் தாளைத் தவிர வேறு காவல் கிடையாது.

ஆழ்கற்றல் முறைகள் வந்தபின் பொருத்தம் நொடிகளில் முடிகிறது, சோதனை சுலபமாகிவிடவில்லை. பல வலையமைப்புகளுக்கு டைஸ் மதிப்பையே இலக்காக வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவற்றை டைஸால் சோதிப்பது வீண். பயிற்சியில் இல்லாத ஸ்லைஸ் தடிமனோ, கை கீழே வைத்து எடுத்த ஸ்கேனோ, செயற்கை இடுப்பு மூட்டோ வந்தால் எச்சரிக்கை ஏதும் இல்லாமல் அம்புகள் கெட்டுப்போகலாம். புதிய பதிப்பை நிறுவும்போது, முன்பு சேமித்துவைத்த அதே ஜோடிப் படங்களை மறுபடி ஓட்டி, பழைய அம்புகளையும் புதிய அம்புகளையும் வாக்ஸல் வாரியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். சராசரி மாறாமல் இருந்து, ஏதோ ஓர் உறுப்பில் மட்டும் 4 மி.மீ வேறுபாடு குவிந்திருந்தால், அந்த உறுப்புக்கான அடையாளப் புள்ளிச் சோதனையை முதலிலிருந்து செய்து முடிக்கும்வரை அங்கே டோஸ் கூட்ட அனுமதிக்கக் கூடாது.